காடி சூடாவது ஓடும்போதா, நிற்கும்போதா?

பெர்மாஸ் ஜெயா பாலத்தில் மாலை 6 மணிக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நெரிசலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஜொகூர் பாரு பக்கமிருந்து சுங்கை தெப்ராவைக் கடந்து வீடு திரும்பும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வரிசையின் நடுவில் எங்கள் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. போனட்டின் ஓரங்களிலிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

அப்பா காரை ஓரமாக ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினார். நான் இறங்கி, பின் இருக்கையில் கிடந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

அவருடைய இடது முன்கையில் ஒரு பழைய தழும்பு உண்டு. சமையலறையில் எப்போதோ எண்ணெய் பட்டது என்றுதான் நான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். "இது எண்ணெய் இல்லம்மா, ரேடியேட்டர்" என்றார். நான் பிறப்பதற்கு முன்பு, நான் செய்யப்போன அதே காரியத்தை அவர் செய்திருக்கிறார்.

எங்கள் கார் புரோட்டோன் வீரா 1.5. அதற்கு என்னைவிட வயது அதிகம். அந்த ஆண்டில் அது சூடானது அதுதான் மூன்றாவது முறை. முதல் முறை ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டாவது முறை ரேடியேட்டரையே மாற்றினார்கள். அதன் பிறகு வாட்டர் பம்ப். மொத்தம் 600 வெள்ளிக்கு மேல் செலவானது. ஒவ்வொரு முறையும் "சரியாகிவிட்டது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

600 வெள்ளி எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. அப்பா பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். இரவு ஷிப்டுக்குப் போகப் பேருந்து கிடையாது. தம்பி அந்த ஆண்டு படிவம் 5. என் படிப்புக்குக் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. காரை விற்றுவிட்டு 9 ஆண்டுத் தவணையில் புதுக் கார் எடுக்கலாமா என்று அம்மாவும் அப்பாவும் இரவில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு குடும்பத்தின் அடுத்த 9 ஆண்டுச் சம்பளத்தை, என்னவென்றே தெரியாத ஒரு பழுது முடிவு செய்யப்போகிறது என்ற நிலை.

பட்டறையில் கிடைத்த வீட்டுப்பாடம்

பக்கத்து வீட்டு அங்கிள் சொல்லி, பெர்மாஸ் ஜெயாவிலேயே கடை வரிசையின் கோடியில் இருக்கும் ஒரு சிறிய பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம். அங்கிருந்த வயதான போர்மேன் போனட்டைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காடி எப்போ சூடாவுது? ஓடும்போதா, நிக்கும்போதா?"

அப்பா, "ரெண்டுலயும்தான் அண்ணே" என்றார். நான், "பாலத்தில்தான்" என்றேன். அம்மா, "ஏர்கோன் போட்டால்" என்றார். மூன்று பேர், மூன்று பதில். அவர் சிரித்துவிட்டு, "ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. முள்ளு நடுவைத் தாண்டினா ஓரமா நிறுத்திடணும். காலையில எஞ்சின் ஆறி இருக்கும்போது தண்ணி பாருங்க" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

நான் படிப்பது கணக்கியல். எஞ்சினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதத் தெரியும். தேதி, நேரம், எந்தச் சாலை, ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, ஏர்கோன் உண்டா இல்லையா, முள் எங்கே இருந்தது என்று ஆறு பத்திகள் போட்டேன். அப்பாவும் நானும் மாறி மாறி நிரப்பினோம்.

ஒரு வாரம் முடிந்ததும் குறிப்பேடே பதில் சொன்னது. அதிகாலையில் பாசீர் கூடாங் நெடுஞ்சாலையில் ஓடியபோது முள் நடுவில் அசையாமல் இருந்தது. மாலையில் சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று வந்தபோது ஏறியது. தம்பிக்காகப் பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தபோது ஏறியது. ஏறிய முள், நெரிசல் விட்டுக் கார் வேகமெடுத்ததும் தானாக இறங்கியது. ஏர்கோன் போட்டிருந்தாலும் ஓடும் காரில் ஏறவில்லை. ஏர்கோன் இல்லாவிட்டாலும் நிற்கும் காரில் ஏறியது. ஆக, ஓடினால் குளிர்கிறது, நின்றால் சூடாகிறது.

இதன் பொருள் என்ன? எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்துவரும் நீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடும்போது காற்றுக்கு அந்த வெப்பத்தைக் கொடுக்கிறது. கார் ஓடும்போது அந்தக் காற்று எதிரே தானாக வருகிறது. நிற்கும்போது காற்றை இழுக்க ஒரு மின்விசிறி வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, பம்ப் நீரைத் தள்ளாவிட்டாலோ, தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலோ, எஞ்சின் கடினமாக உழைக்கும் நெடுஞ்சாலையிலும் முள் ஏறியிருக்க வேண்டும். எங்கள் காரில் ஏறவில்லை. அப்படியென்றால் சந்தேகம் விசிறியின் மீதுதான் விழவேண்டும். நாங்கள் ஏற்கெனவே மாற்றியிருந்த மூன்று பொருள்களும் அந்தச் சந்தேகப் பட்டியலிலேயே இல்லை.

போர்மேன் குறிப்பேட்டைப் படித்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுற்றவில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ரேடியேட்டரின் அடிப்பகுதியில் இருந்த வெப்பச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றினார். சாவியைத் திருப்பிவைத்து, அந்த இணைப்பின் இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் சேர்த்தார். விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. விசிறி மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபியூஸும் ரிலேயும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று அந்த ஒரே சோதனையில் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது சுவிட்ச் மட்டுமே.

அதைக் கழற்றிக் காட்டினார். முனைகள் பச்சையாகப் பூத்திருந்தன. "ரேடியேட்டர் புதுசு, சுவிட்ச் பழசு" என்றார். ரேடியேட்டரை மாற்றியபோது பழைய சுவிட்சையே புதியதில் திருகிவிட்டிருக்கிறார்கள். புதுச் சுவிட்ச், குளிரூட்டி நீர், கூலி எல்லாம் சேர்த்து நாங்கள் கொடுத்தது 75 வெள்ளி.

முதல் பட்டறை எங்களை ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் அவர்களிடம் சொன்னது "காடி சூடாகுது" என்ற இரண்டே வார்த்தைகள். அவர்கள் பொருளை மாற்றிவிட்டுத் திறந்த சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே எங்கள் கார் எப்போதுமே நன்றாகத்தான் ஓடும். பழுது எப்போது வருகிறது என்பதை நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஏன் இது நம் வேலை?

நம் வீடுகளில் பழைய கார்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. புரோட்டோன் நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் கார் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமானது. 1993-இல் வந்த வீராவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் 2009-உடன் நின்றுவிட்டன. ஆக, சாலையில் நீங்கள் காணும் ஆகக் கடைசி வீராவுக்கும் கஞ்சிலுக்கும்கூட 15 வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் ரப்பர் குழாய் வெடிப்பதும் மின் இணைப்பு பச்சை பூப்பதும் இயல்பு. அது எந்தத் தயாரிப்பாளரின் குற்றமும் அல்ல.

2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனத் தொழில் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும் முன் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்ற திட்டம் இருந்தது. பொதுமக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் அரசு அதைக் கைவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் புதுக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் என்பதால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரை ஆண்டுதோறும் யாரும் பரிசோதித்துச் சொல்லப்போவதில்லை. கவனிக்க வேண்டியது வீட்டில் இருக்கும் நாம்தான்.

இன்றைய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக் குறியீடு திரையில் வரும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற பொதுமுறை கட்டாயமானது. 90-களில் நம் நாட்டில் தயாரான பல கார்களில் அந்த வசதி கிடையாது. இருந்தாலும் குறியீடு முழுப் பதில் அல்ல. 'பி0300' என்று வந்தால் சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள். காரணம் ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை அதன் பிறகும் ஒவ்வொன்றாக விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே, கீழே வரும் குறிப்புகளைப் பழுதுபார்க்கும் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டறைக்குப் போகும்முன் கவனித்து எழுத வேண்டியவை இவை.

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் உடனே பேட்டரியைக் குறைசொல்கிறோம். முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டும் சத்தம் வந்து, விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை அல்லது அதன் முனைகள் சரியாகப் பொருந்தவில்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்குகள் பிரகாசமாக இருந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் வழக்கம்போல் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரிக்கு வேலையில்லை; பெட்ரோல் வரவில்லை அல்லது தீப்பொறி வரவில்லை.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரி, முழுச் சக்தியுடன் இருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் சுமார் 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். அப்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்நேட்டர் பேட்டரிக்குச் சக்தி ஏற்றவில்லை. அந்த நிலையில் எத்தனை புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் தீர்ந்துதான் போகும்.

படித்து முடித்த நாளிதழை வீசாதீர்கள்

காருக்கு அடியில் இரவில் பழைய நாளிதழை விரித்துவையுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். முந்தைய மாலையில் ஏர்கோன் போட்டிருந்தால், முன் பயணி இருக்கைப் பக்கம் நிறமில்லாத தண்ணீர் சொட்டுவது இயல்பு, கவலை வேண்டாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் வழவழப்பாக இருந்தால் குளிரூட்டி நீராக இருக்கலாம். பழுப்பு அல்லது கறுப்பு நிறம் எஞ்சின் ஆயில். சிவப்பான எண்ணெய் தானியங்கி கியர் அல்லது பவர் ஸ்டீரிங்கிலிருந்து வரக்கூடும். சக்கரத்தின் அருகில் தெளிந்த அல்லது மஞ்சள் நிற எண்ணெய் இருந்தால் அது பிரேக் திரவமாக இருக்கலாம். காரை எடுக்காமல் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அடியில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் குளிரூட்டி நீர் வாரந்தோறும் குறைகிறது என்றால் அது எஞ்சினுக்குள்ளேயே போகக்கூடும். ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஆயில் தே தாரிக் நிறத்தில் பால்போல இருந்தால் நீரும் ஆயிலும் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்தக் காரை ஓட்டக்கூடாது.

புகையின் நிறம்

குளிர்ந்த காலையில் புகைக்குழாயிலிருந்து கொஞ்சம் வெண்ணிற ஆவி வந்து சில நிமிடங்களில் மறைவது சாதாரணம். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை, அதுவும் இனிப்பு வாடையோடு வந்தால், குளிரூட்டி நீர் எரிகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்றுக்குத் தேவையானதைவிட அதிக பெட்ரோல் எரிகிறது. காற்று வடிகட்டி அடைத்திருப்பது அதற்கு ஓர் எளிய காரணம். பட்டறைக்குப் போகும்முன் அதையாவது திறந்து பார்த்துவிடலாம்.

எங்கே, எந்த வேகத்தில் சத்தம்?

'காரில் ஏதோ சத்தம் வருது' என்று சொன்னால் எந்தப் போர்மேனாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் செயலோடு சத்தம் வருகிறது என்பதே துப்பு.

பிரேக்கை மிதிக்கும்போது கீச்சென்று கத்தினால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் தேய்மானத்தை அறிவிக்கவே ஒரு சிறு உலோகத் தகடு வைத்திருப்பார்கள். கீச்சு மாறி 'கரகர' என்று அரைக்கும் சத்தமானால் உலோகம் உலோகத்தை உரசுகிறது. உடனே மாற்ற வேண்டும். ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி வளையும்போது 'டிக் டிக் டிக்' என்றால் முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடுபள்ளத்தில் மட்டும் 'டொக்' என்றால் அப்சார்பர் அல்லது அதன் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர் புஷ் காரணமாக இருக்கும். வேகம் கூடக்கூட 'ஊம்' என்ற முழக்கம் கூடினால் சக்கர பேரிங் அல்லது டயரைக் கவனிக்க வேண்டும். காலையிலோ மழையிலோ கிளம்பியதும் கிறீச்சிட்டுப் பிறகு அடங்கினால் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

அதிர்வுக்கும் இதே முறைதான். மணிக்கு 90 கிலோமீட்டர் பக்கம் போனால் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் முதலில் சக்கர பேலன்சிங். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எல்லாப் பழுதும் முன்கூட்டியே சத்தம் போடாது. டைமிங் பெல்ட் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடலாம். பல எஞ்சின்களில் அது வால்வுகளையும் சேர்த்து வளைத்துவிடும். அதற்குக் கார் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றுவதுதான் வழி. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் அதையே முதலில் எழுதிவையுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் இயற்பியலும்

என் அப்பாவின் கைத்தழும்புக்கு வருகிறேன். சாதாரண அழுத்தத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பல கார்களில் அது உள்ளே சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 119 பாகைக்கு உயர்கிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது உள்ளே 110 பாகையில் நீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் இறங்கும்; அதே நீர் ஒரு நொடியில் கொதித்து ஆவியோடு பீறிடும். துணி சுற்றிய கை அதற்குத் தடையாகாது.

தமிழ்ப்பள்ளியில் 'அழுத்தம்' என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் 'தெக்கானான்' என்று படித்தேன். இரண்டையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பாலத்தில் துணியோடு நின்றபோது இரண்டுமே என் நினைவுக்கு வரவில்லை. எஸ்பிஎம் எழுதப்போகும் தம்பி தங்கைகள் வெப்பம் பற்றிய பாடத்தைப் படிக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் சூடானால் செய்ய வேண்டியது இதுதான். ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், ரேடியேட்டரின் மேல் குழாய் ஆறும்வரை காத்திருங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். உலோகம் வளையவோ வெடிக்கவோ கூடும். விசிறியின் அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் அது திடீரென்று சுற்றும்.

எச்சரிக்கை விளக்குகளில் மஞ்சள் நிறம் 'விரைவில் காட்டுங்கள்' என்றும் சிவப்பு 'இப்போதே நிறுத்துங்கள்' என்றும் பொதுவாகப் பொருள்படும். ஆயில் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தால் "வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால்கூட எஞ்சின் முழுவதும் கெடலாம். பிரேக் பெடல் தரைவரை இறங்கினால் அந்தக் காரை இழுவை வண்டிதான் எடுத்துச்செல்ல வேண்டும். இவற்றில் சோதனை செய்து பார்க்கக் கூடாது.

போர்மேனிடம் எப்படிப் பேசுவது?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பட்டறைக்குப் போகும்முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்கிறோம். என்ன நடந்தது? எப்போது முதன்முதலில் நடந்தது? எந்த நிலையில் வருகிறது: சூடாகவா, குளிர்ந்தா, ஓடும்போதா, நிற்கும்போதா, வளையும்போதா? எந்த நிலையில் வரவே இல்லை? அதற்கு முன் காரில் என்ன மாற்றப்பட்டது?

நான்காவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். நெடுஞ்சாலையில் எங்கள் கார் சூடாகவில்லை என்ற செய்திதான் மூன்று பொருள்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஒரு பொருளை மாற்றச் சொன்னால், "எதை வைத்து இது என்று தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போர்மேன் கோபப்படமாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பொருள்களை மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. கழற்றிய பழைய பொருளைக் கேட்டுப் பாருங்கள். பழுது எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையை இழிவாகப் பார்க்கும் பழக்கம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது. 'படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போகணும்' என்று நானே கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் ஒயர் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு சாத்தியங்களை ஒரே நொடியில் விலக்கியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழிற்கல்லூரிகளிலும் கியாட் மாராவிலும் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரையிலான நிலைகளை முடித்து, 4-ஆம் நிலையில் டிப்ளோமாவும் 5-ஆம் நிலையில் உயர் டிப்ளோமாவும் பெற வழி இருக்கிறது. கை வேலையில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் அதைக் கடைசித் தேர்வாக நினைக்க வேண்டியதில்லை.

காரை விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் இப்போதைக்கு நின்றுவிட்டது. என்றாவது விற்கத்தான் வேண்டும். அப்போது காரணம் தெரிந்து விற்போம். குறிப்பேடு முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் இருக்கிறது. கடைசியாக எழுதியவன் தம்பி: 'வியாழன், மாலை 6.20, பாலம், நெரிசல், ஏர்கோன் உண்டு. விசிறி சுற்றியது. முள் நடுவில்.'

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், இந்த வாரம் ஒரு குறிப்பேட்டை அதில் போட்டுவையுங்கள்.